உவகையும் மருட்கையும்: கூதிர்காலத்து ஒரு நாள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. வேலை முடிந்து வந்த களைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு மாலைப்பொழுதைக் கவிதைக்குத் தருகிறவர்கள் இருந்தால்தான் அது நடக்கும். அந்த உழைப்பை வாழ்த்துவதோடு நில்லாமல், இந்நாளில் ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மகிழ்ச்சியான ஒரு நாளைக் கவிதையில் எழுத நமக்கு ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது?

திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் சார்ந்த இந்தத் தொழிற்பகுதியைப் பற்றி நாம் எழுதும் கவிதைகளில் வற்றிய ஏரி உண்டு. மனைகளாகிப்போன வயல் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து பேருந்தில் தூங்கிவழியும் முகங்கள் உண்டு. இவையெல்லாம் உண்மைகளே. ஆயின், இதே மண்ணில் ஒருவர் வயிறார உண்டு, மழையில் நனைந்து, அதுவரை காணாத ஒன்றைக் கண்டு, மனம் நிறைந்து உறங்கப்போன நாளும் உண்டு. அந்த நாள் நம் ஏடுகளில் பெரும்பாலும் இல்லை. துயரத்தை எழுதுகிறவன் ஆழமானவன், மகிழ்ச்சியை எழுதுகிறவன் மேலோட்டமானவன் என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பருவத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மேலைநாட்டுக் கவிதைகளைப் படித்த பழக்கத்தில் நாம் இந்த மாதங்களை 'இலையுதிர்காலம்' என்று எழுதத் தொடங்கினோம். நம்மூர் மரங்கள் அதற்கு உடன்படுவதில்லை. அரசு தன் இலைகளை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் இங்கே மரங்கள் கழுவிவிட்டாற்போலப் பசுமையாக நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. கோடையில் மாடு மேய்ந்த ஏரிப்படுகையில் தண்ணீர் ஏறுகிறது. மேலைநாட்டில் முடிவைக் குறிக்கும் பருவம், தொண்டைநாட்டில் நிறைவைக் குறிக்கிறது. ஒரு சொல்லை இரவல் வாங்கினால் அதனுடன் ஒரு மனநிலையும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இம்மண்ணில் உதிர்ந்த இலைகளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் களிப்பாறை அடுக்குகளில் தாவரப் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. நிலவியலாளர் அவ்வடுக்குகளுக்கு இவ்வூரின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். ஓட்டோகர் பைஸ்ட்மாண்டல் என்னும் அறிஞர் 1879ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி எழுதினார். சைக்காஸ் போன்ற தோற்றமுடைய தாவரங்களின் இலைகள் அவை; பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஒரு நாள் ஓர் இலை சேற்றில் விழுந்தது. அது விழுந்த வடிவம் அப்படியே தங்கிவிட்டது. ஒரு நாளைக் கவிதையில் பதிப்பது என்றால் என்ன என்று யாரேனும் கேட்டால் நான் அந்தக் கல்லைக் காட்டுவேன். அந்த இலை அரிய இலை என்பதற்காக நிலைக்கவில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சேறு மென்மையாக இருந்தது.

இனி இடத்துக்கு வருவோம். சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூர் நெடுஞ்சாலையின்மேல் இருக்கிறது திருப்பெரும்புதூர். இராமானுசர் 1017இல் பிறந்த ஊர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலையை வண்டலூர்–வாலாஜாபாத் சாலை குறுக்கிடும் இடத்தில் உள்ளது ஒரகடம். இவ்விரண்டுக்கும் இடையிலும் சுற்றிலும் கிடந்த ஏரிப்பாசன நிலம் முப்பது ஆண்டுகளுக்குள் தொழில்நிலமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996இல் அடித்தளம் இடப்பட்டது. 1998இல் அதன் முதல் கார்கள் சாலைக்கு வந்தன. 2006இல் நோக்கியா ஆலை கைப்பேசிகளைச் செய்யத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார்கள், 2012இல் டைம்லர் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள்கள் என ஒவ்வொன்றாக வந்தன. இவற்றுக்கு இடையிலேதான் இன்றும் ஏரிக்கரைப் பனைகள் நிற்கின்றன; வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சஷ்டிக்குக் கூட்டம் சேர்கிறது.

இந்நிலத்துக்கென ஓர் உவகை நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஆயுதபூசை நாளைத் தேர்ந்தெடுப்பேன். வடமொழியில் சரத் எனப்படும் பருவத்தில் வருவதால் அந்த ஒன்பது இரவுகளுக்குச் சாரதா நவராத்திரி என்று பெயர். கார் முடிந்து கூதிர் தொடங்கும் சந்தியில் வரும் நாள் அது. அந்த நாளில் இயந்திரம் ஓய்கிறது. ஆண்டு முழுதும் மனிதனை ஓடவைத்த இயந்திரத்தை அன்று மனிதன் குளிப்பாட்டுகிறான்.

தொழிற்கூடத்தில் அந்த நாள் எப்படி இருக்கும் என்பதை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். லேத்தின்மீது படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தெடுக்கிறார்கள். சந்தனம் குழைத்து மூன்று விரலால் இழுக்கிறார்கள், நடுவில் குங்குமம். வாயிலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். ஸ்பானரும் திருப்புளியும் ஸ்குரூகேஜும் வரிசையாகத் துணிமேல் கிடக்கின்றன. பற்றவைக்கும் ரோபோவின் கையில் ஒரு சாமந்தி மாலை. போர்க்லிப்ட்டின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வாசலில் வெண்பூசணி உடைகிறது. பிறகு பொரி. பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்த பொட்டலம், சுண்டல், ஒரு வாழைப்பழம், ஓர் இனிப்பு. சில தொழிற்சாலைகளில் அன்று குடும்பத்தாரையும் உள்ளே விடுவார்கள். தன் தந்தை பகலெல்லாம் எதன் முன்னால் நிற்கிறார் என்பதை ஒரு குழந்தை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறது. எட்டுமணி நேரம் ஒருவரை வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று அது பலநாள் எண்ணியிருக்கும். அதன் நெற்றியில் பொட்டு இருப்பதைப் பார்த்து அக்குழந்தை சிரிக்கிறது.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, வங்காளப் பகுதிகளிலிருந்து வந்து இங்கு வேலை செய்கிறவர்களுக்கும் இந்த நாள் முற்றிலும் அயலானதன்று. அவர்கள் ஊரில் பெரும்பாலும் செப்டம்பர் 17ஆம் நாள் விசுவகர்மாவுக்குப் பூசை. அது நம் புரட்டாசி பிறப்பையொட்டி வருவது. அங்கும் கருவிகள் கழுவப்படுகின்றன; அன்று இயந்திரம் ஓடாது. ஆக, மொழி தெரியாத ஊரில் ஒருவன் தெரிந்த சடங்கைக் காண்கிறான். வேறு நாளில், வேறு தெய்வத்தின் பெயரால், வேறு இனிப்புடன். பழமையும் புதுமையும் ஒரே கணத்தில் அவனைத் தொடுகின்றன.

நண்பர்களே, இந்த இடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்குத் துணைக்கு வருகிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் உவகை ஒன்று. அது பிறக்கும் களங்கள் நான்கு: பொருள்வளம், ஐம்புலன் நுகர்வு, அன்புடையாரோடு கூடுதல், விளையாட்டு. மற்றொரு மெய்ப்பாடு மருட்கை, அதாவது வியப்பு. அதற்கும் நான்கு களங்கள் உண்டு: புதியது, பெரியது, சிறியது, ஆகிவருவது. உவகையும் வியப்பும் தனித்தனிச் சுவைகள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஒரே நாளில் இரண்டும் கைகோத்து வரும் என்பதை வாழ்க்கை அறிந்திருக்கிறது. நான் சொன்ன நாளில் எட்டுக் களங்களையும் காணலாம். கையில் போனஸ் பணம், நாவில் வெல்லம், வீட்டாரின் வருகை, கயிறிழுப்புப் போட்டி, இவை உவகை. முதன்முறை பார்க்கும் கூடம், கூரையளவு உயர்ந்த அச்சு இயந்திரம், நகத்தளவுத் திருகாணி, தகடாக நுழைந்தது கதவாக வெளிவரும் மாயம், இவை மருட்கை. இலக்கணத்தை இயந்திரத்தின்மேல் வலிந்து ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். மனித மனத்தின் இயல்பைக் கணக்கெடுத்த ஒரு நூல், அந்த மனம் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் பொருந்துகிறது என்றே சொல்கிறேன்.

கூதிரைப் பற்றிய பழம்பெரும் பாட்டு நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது, 188 அடிகள். பாசறையில் காயம்பட்ட வீரரை நள்ளிரவில் கண்டு நலம் கேட்கும் வேந்தன் ஒருபுறம். அரண்மனைக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கும் அரசி மறுபுறம். பிரிவின் பாட்டு அது. ஆயினும், அப்பாட்டிலேயே மழைத்தூவலைப் பொருட்படுத்தாமல் தெருவில் மகிழ்ந்து திரியும் ஆடவரையும் நக்கீரர் காட்டுகிறார். அவர்களை நீக்கிவிட்டால் அரசியின் தனிமை அவ்வளவு குளிராக இராது. பெரும் கவிஞன் துயரத்தின் ஓரத்தில் மகிழ்ச்சிக்கு இடம் விட்டிருக்கிறான். நாம் அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறோம்.

பழம்பாட்டில் பொருள்தேடிப் பிரிந்து சென்றவன் ஆடவன். வீட்டில் காத்திருந்தவள் பெண். இன்று இந்நிலத்தில் அது தலைகீழாகியிருக்கிறது. மின்னணு ஆலைகளில் உற்பத்தி வரிசையில் அமர்ந்திருப்பவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பொருள்வயிற் பிரிந்த பெண்கள் ஓர் ஊரளவுக்குக் கூடி வாழ்வதைத் தமிழ்க் கவிதை இதுவரை கண்டதில்லை. காத்திருப்பவள் இப்போது தாய்.

அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு விடுமுறை கிடைத்த ஐப்பசி ஞாயிறு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அலாரம் வைக்காமல் விழிக்கிறாள்; அதுவே முதல் இன்பம். வேறு மாவட்டத்துத் தோழி ஒருத்தியின் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறாள். இருவரும் பேருந்தேறிக் காஞ்சிபுரம் போகிறார்கள். தன் சம்பளத்தில் அம்மாவுக்குத் தீபாவளிப் புடைவை எடுக்கிறாள். விலை பேசும்போது தன் குரலில் ஒரு புதுத் துணிவு இருப்பதை அவளே கேட்கிறாள். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. சுங்குவார்சத்திரத்தில் இறங்கித் தகரக் கூரையின் கீழ் நின்று சூடான மிளகாய்பஜ்ஜி தின்கிறார்கள். அவள் கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைக்கிறாள். ஊரில் இன்னும் மழை இல்லை. இவள் கைப்பேசியைச் சாலைப்பக்கம் திருப்பி மழையைக் காட்டுகிறாள். அப்படியொரு கருவியைத்தான் அவள் வாரம் ஆறு நாளும் பாகம்பாகமாகப் பூட்டுகிறாள். ஏழாம் நாள் அது மழையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துச் செல்கிறது. இதில் கவிதைக்கு வேண்டிய எது குறைகிறது?

கார்த்திகையில் நல்ல மழை பெய்த ஆண்டானால் இன்னொரு இன்பமும் சேரும். ஏரி நிறைந்து கலங்கல் வழியே நீர் பாயும். அதைப் பார்க்க ஊரே கிளம்பும். பிள்ளைகள் துண்டை விரித்து மீன் பிடிப்பார்கள். சீருடை மாற்றாத இளைஞர்கள் மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு முழங்காலளவு நீரில் இறங்கி நிற்பார்கள். தண்ணீர் காலைத் தொட்டு ஓடும் உணர்வுக்குக் கட்டணம் கிடையாது.

இங்கே ஒரு தடை எழும், எழவும் வேண்டும். 'நீர் இப்படி மகிழ்ச்சியைப் பாடினால், துன்பத்தை மூடிமறைக்க நினைப்பவர்களுக்கு அல்லவா அது உதவும்? ஒரு நாள் பொரி கொடுத்தால் ஆண்டின் மற்ற நாட்கள் சரியாகிவிடுமா?' என்று நண்பர்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. தண்ணீரின் இன்பத்தைப் பேசுகிறவன், 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்ட 2015 டிசம்பரையும், அடையாற்று வெள்ளத்தையும் நினைக்காமல் பேச முடியாது. ஆயுதபூசையின் இன்பத்தைப் பேசுகிறவன், 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரத்தில் மின்சாதன ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை மறைக்க முடியாது. சங்க அங்கீகாரம் அவர்களுடைய முதன்மையான கோரிக்கை. அந்த ஆண்டின் ஆயுதபூசை அக்டோபர் 11ஆம் நாள், போராட்டத்துக்கு நடுவில்தான் வந்துபோயிற்று.

ஆயினும், 2021 டிசம்பரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றதை அடுத்து, மின்னணு ஆலையொன்றின் பெண் தொழிலாளர்கள் திருப்பெரும்புதூர் அருகே பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, அடுத்த மாதமே மீண்டும் திறந்தது. அவர்கள் சாலைக்கு வந்தது எதற்காக? கெடாத சோறு, உடல் நலம், மனிதர் தங்கத்தக்க இடம். நாம் 'எளிய இன்பங்கள்' என்று பெயரிட்டு ஒதுக்கும் அதே பொருள்கள். வீட்டில் சூடான சோற்றின் சுவையை அறிந்தவர்கள் என்பதால்தான் கெட்ட சோற்றைப் பொறுக்க மறுத்தார்கள். உவகையை அறியாத மனத்துக்குத் தான் இழந்தது இன்னதென்று சொல்லத் தெரியாது. ஆகவே, ஒரு நல்ல நாளை நுணுக்கமாக எழுதிவைப்பது துன்பத்தை மறைப்பதாகாது. மற்ற நாட்களை அளப்பதற்கு அது ஓர் அளவுகோலாகிறது. ஓய்வு, உணவு, துணை, விளையாட்டு ஆகியவற்றின் இனிமையைச் சரியாகச் சொன்ன கவிதை, அவை மறுக்கப்படும்போது என்ன மறுக்கப்படுகிறது என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

எப்படி எழுதுவது என்பது குறித்து இரண்டொரு சொல். முதலாவது, பெயர்கள். சங்கப் புலவர்கள் பூவைப் பூ என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. முல்லை என்றார்கள், பிடவம் என்றார்கள், காந்தள் என்றார்கள். நாம் தொழிற்சாலையை 'இயந்திர அரக்கன்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அரக்கனைக் கண்டவர் யாருமில்லை. ஆனால், கன்வேயரின் ஓசை மாறினால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் இந்த அவையிலேயே இருக்கலாம். அவருடைய காது கவிஞனுக்கு வேண்டும். ஷிப்ட், கேன்டீன், ஓவர்டைம் போன்ற சொற்கள் கவிதைக்குள் வரலாமா என்று தயங்க வேண்டியதில்லை. வாழ்க்கைக்குள் வந்துவிட்டவற்றைக் கவிதையின் வாசலில் நிறுத்திவைப்பதில் பயனில்லை. பாரதியார் 'தொழில்' என்னும் தலைப்பிலேயே பாடியிருக்கிறார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, அளவு. மகிழ்ச்சியை எழுதும்போது நம் கை எளிதில் தளர்ந்துவிடுகிறது. 'ஆனந்தம்', 'பேரின்பம்', 'சொர்க்கம்' என்று பெரிய சொற்கள் வந்து குவிகின்றன. துயரத்தை எழுதும்போது காட்டும் சிக்கனத்தை இங்கும் காட்ட வேண்டும். பஜ்ஜியின் சூடு விரலில் பட்டதைச் சொன்னால் போதும். மகிழ்ந்தாள் என்று சொல்லவே தேவையில்லை. மெய்ப்பாடு என்பதே மெய்யின்கண் தோன்றுவது. உடலில் தெரிந்ததை எழுதினால் உள்ளத்தில் இருப்பதை வாசகன் தானே உணர்ந்துகொள்வான்.

மூன்றாவது, காலம். ஏரியை இறந்தகாலத்திலும் ஆலையை நிகழ்காலத்திலும் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. உண்மையில் இரண்டும் நிகழ்காலத்தில் பக்கம்பக்கமாக இருக்கின்றன. ஆலையின் சுற்றுச்சுவருக்கு அப்பால் முக்குளிப்பான் நீரில் மூழ்கி எழுகிறது. அந்த நிகழ்காலத்தை இழந்துவிட்டால் ஏரியையும் கவிதையில் நாமே தூர்த்தவர்களாவோம்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டு தொடங்கும் இவ்வேளையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கூதிர் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிறப்பான நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நாளில் என்ன உண்டீர்கள், எதைப் புதிதாகக் கண்டீர்கள், யாரோடு சிரித்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை வரிசையாக வாசிப்போம். இந்த மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு எவையெல்லாம் தேவை என்ற பட்டியல் அதில் தானாகவே உருவாகியிருக்கும் என்று நம்புகிறேன்.